மூவகை யாக்கை: நூல் கூறுவதும் தீவு காட்டுவதும்

மருத்துவம் பற்றிய பேச்சு எழுமிடத்துத் தமிழ் மக்கள் நாவில் முதற்கண் வருவன வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் மூன்று சொற்களே. கற்றாரும் கல்லாதாரும் இவற்றை ஒப்ப வழங்குவர். இவற்றின் வழியாகப் பிறந்ததே, இவன் வாத உடம்பினன், அவள் பித்த உடம்பினள் என மக்களை வகுத்துக் கூறுங் கொள்கை. ஆயுள்வேத நூலார் இதனைப் பிரகிருதி என்பர். சித்த மருத்துவர் வாத தேகி, பித்த தேகி, கப தேகி எனவும், இரண்டு கலந்தவிடத்துத் தொந்த தேகி எனவும் பெயரிடுவர். அண்மைக் காலத்தில் இக்கொள்கை புதியதொரு செல்வாக்கை அடைந்திருக்கிறது. இருபது முப்பது வினாக்கள் கொண்ட அட்டவணை ஒன்றை நிரப்பினால் ஒருவன் தன் யாக்கை இன்னதென அறிந்து, உண்ணும் பொருள் முதல் உறங்கும் நேரம் வரை அனைத்தையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம் என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கைக்கு மூலநூல்களில் உள்ள ஆதாரம் யாது, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத்துத் தீவுகளின் நிலத்துக்கும் வாழ்வுக்கும் அது எத்துணைப் பொருந்தும் என்பன ஆராயத்தக்கன.

வள்ளுவர் நெறி இவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும். மருந்து என்னும் அதிகாரத்தின் முதற் குறளில் அவர் வளி முதலிய மூன்றனையும் சுட்டுகிறார். அதுவும் தம் கூற்றாகவன்றி, மருத்துவ நூலோர் எண்ணிய எண்ணாகவே சுட்டுகிறார். பின்வரும் ஒன்பது குறள்களில் அம்மூன்றின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், பசித்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் என உணவைப் பற்றியே ஆறு குறள்கள் செல்கின்றன. அதன்பின் நோயின் காரணத்தை நாடுதலும், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செய்தலும் கூறப்படுகின்றன. பிறப்பிலேயே மக்கள் இன்ன இன்ன வகையினர் என்ற பாகுபாட்டுக்கு அவர் இடந்தரவில்லை. நோயாளியின் அளவு என்பதனுள் அதுவும் அடங்கும் என உரை கூறுவார் கூறலாம். அடங்குமாயினும், பலவற்றுள் ஒன்றாய் அடங்குமேயன்றி எல்லாவற்றுக்கும் தலையாய் நில்லாது.

சரக சங்கிதையை நோக்கினும் இதுவே புலனாகிறது. விமானத்தானத்து எட்டாம் அத்தியாயம் நோயாளியை ஆராயும் முறையைப் பத்தாக விரிக்கிறது. பிறவி இயல்பு, நோயால் எய்திய திரிபு, தாதுக்களின் செம்மை, உடற்கட்டு, உறுப்புக்களின் அளவு, பழக்கத்தால் ஒத்துப்போனவை, மனவலிமை, உண்டு செரிக்கும் ஆற்றல், உழைக்கும் ஆற்றல், வயது என்பன அப்பத்து. பிறவி இயல்பு இவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது உண்மையே. ஆயின் இவ்வாராய்ச்சியின் பயன் யாதென அந்நூலே தெளிவாய்க் கூறுகிறது. நோயாளியின் வலிமையை அறியாது கடுமருந்து கொடுப்பின் மெலியான் மாய்வான். வலியானுக்கு மென்மருந்து கொடுப்பின் நோய் தீராது. மருந்தின் அளவை வரையறுத்தற்கே பத்தும் வேண்டப்பட்டன. பத்தினின்றும் ஒன்றைப் பிரித்தெடுத்து, மற்றை ஒன்பதையும் கைவிட்டு, அவ்வொன்றனையே முழு மருத்துவமெனக் கொள்ளுதல் சரகர் நெறியாகாது.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று அதே தானத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உளது. இக்காலத்து விளக்க நூல்கள் இதனைப் பெரும்பாலும் எடுத்துரையாமை வியப்புக்குரியது. மூன்றும் சமமாய் உள்ள மனிதர் எவரும் இலர், ஆகவே வாதப் பிரகிருதி முதலியன உண்டு என்பாரின் கொள்கையை அந்நூல் எடுத்து மறுக்கிறது. பிரகிருதி என்பது நலம். நலமாவது மூன்றும் ஒத்து நிற்றல். அங்ஙனமாக, ஒன்று மிகுந்து நிற்கும் நிலையைப் பிரகிருதி என்ற சொல்லால் வழங்குதல் தகாது என்பது அம்மறுப்பின் சாரம். வாதம் மிக்கவன், பித்தம் மிக்கவன் எனலாம். வாதத்தை இயல்பாக உடையவன் எனலாகாது. அங்ஙனம் மிக்கவர் எஞ்ஞான்றும் நோய்க்கு அணுக்கராய் இருப்பவர் எனவும் சரகர் கொள்வர். இதற்கு நேர்மாறாகச் சுசுருதர், கருக்கொள்ளுங் காலத்தே அமைந்த இயல்பு சாந்துணையும் மாறாது என்றும், நஞ்சிற் பிறந்த புழு அந்நஞ்சால் இறவாதவாறு போல ஒருவனது இயல்பு அவனை வருத்தாது என்றும் சாரீரத்தானத்துட் கூறுவர். ஒருவர் நோய்க்கு வாயில் என்றதனை மற்றவர் நோய் செய்யாதது என்கின்றார். பின்வந்த வாக்படர் அட்டாங்க இருதயத்தில் இருவரையும் இணக்கி, சமநிலை உயர்ந்தது, சிலேட்டுமம் நன்று, பித்தம் இடை, வாதம் கடை, இரண்டு கலந்தது இகழத்தக்கது எனத் தரவரிசை வகுத்துவிட்டார். முன்னோர் ஐயுற்று வாதிட்ட பொருள் வாக்படர் கையில் வாய்பாடாய் இறுகியது. இக்காலத்து அட்டவணைகள் வாய்பாட்டினின்றும் பிறந்தவை. வாதத்தை அவை அறியா.

தமிழ் மருத்துவ மரபுக்கு வருவோமாயின், நோயறியும் நெறி வேறு வழியாகச் செல்வது தெரியும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வே சித்த மருத்துவரின் முதற் கருவி. இவை யாவும் அற்றைப்பொழுதின் நிலையைக் காட்டுவன. வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என்னும் மாத்திரைக் கணக்கு எல்லார்க்கும் பொதுவாய் வைக்கப்பட்ட அளவு. அதனின்று எவ்வளவு பிறழ்ந்துளது என்பதே கேள்வி. நீரில் இட்ட எண்ணெய்த் துளி பாம்புபோல் நீளுமா, ஆழிபோல் வட்டமிடுமா, முத்துப்போல் நிற்குமா என நோக்கும் நெய்க்குறியும் அன்றைய நீரையே நோக்கும். தேகி இலக்கணம் தமிழ் நூல்களில் இல்லையென்பது கருத்தன்று; உண்டு. ஆயினும் கைப்பிடித்து நாடி பார்க்கும் வைத்தியன் பிறப்பின் கணக்கை விடப் பொழுதின் கணக்கையே பெரிதாகக் கொண்டான்.

மேலும் ஒன்று. வயதுக்கும் மூன்றுக்கும் உள்ள தொடர்பைக் கூறுமிடத்து இரு மரபும் எதிரெதிராய் நிற்கின்றன. இளமையிற் சிலேட்டுமமும் நடுவயதிற் பித்தமும் முதுமையில் வாதமும் ஓங்கும் என்பது ஆயுள்வேதம். இளமையில் வாதமும் இடையிற் பித்தமும் முதுமையில் ஐயமும் ஓங்கும் என்பது சித்த நூல்களிற் பரவலாகக் காணப்படுங் கூற்று. ஒரே சொற்கள், ஒரே மூன்று, வரிசை மட்டும் தலைகீழ். முதியவர் ஒருவர் மூட்டு நோவொடு வந்தால் ஒரு நூல் வயதின் இயல்பு என்னும். மற்றது வயதுக்கு மாறு என்னும். இருமரபும் ஒன்றேயென மேடையிற் கூறிவிடுவது எளிது. வைத்தியசாலையில் எந்த வரிசையைக் கொள்வது என்ற வினாவுக்கு மேடைப்பேச்சு விடையாகாது. ஆயுள்வேத அட்டவணையைச் சித்த மருத்துவத்தின் பெயரால் வழங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கென ஒரு மருத்துவ நூன்மரபு உண்டு. ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் இரு நூல்களும் அதன் தூண்கள். ஏட்டில் மறைந்துகிடந்த பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பகுதி பகுதியாக அச்சேற்றியது தமிழ் மருத்துவத்துக்குச் செய்த பெருந்தொண்டு. இந்நிலத்திலேயே 1847-இல் வந்திறங்கிய கிறீன் வைத்தியர் மானிப்பாயிலிருந்து மேனாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். நரம்பும் எலும்பும் பேசும் உடம்பு ஒன்று, வாதமும் பித்தமும் பேசும் உடம்பு ஒன்று என இரண்டு உடம்புகளைத் தமிழிலேயே கற்கும் வாய்ப்பு யாழ்ப்பாணத்தார்க்குக் கிடைத்தது.

இனித் தீவுகளை நோக்குவோம். நூல்கள் நிலத்தை வறண்ட நிலம், நீர்மிக்க நிலம், இடைப்பட்ட நிலம் என மூன்றாக்கி, வறண்ட நிலத்தில் வாதமும் நீர்மிக்க நிலத்திற் சிலேட்டுமமும் ஓங்கும் என்கின்றன. கடற்கரையைச் சரகர் நீர்மிக்க நிலத்தோடு சேர்ப்பர். நெடுந்தீவு நாற்புறமும் கடல் சூழ்ந்தது. ஆகவே சிலேட்டும நிலம் என்றாகும். ஆனால் அங்கே ஆறில்லை, சுண்ணக்கல்லின் மேல் மண் மெல்லிய போர்வையாய்க் கிடக்கிறது, கிணற்று நீரிற் பெரும்பகுதி உவர், மதில்களும் முருகைக்கல்லே, சோளகம் வீசத் தொடங்கினால் மணலும் உப்பும் முகத்தில் அறையும். இக்குறிகள் யாவும் வறண்ட நிலத்துக்கு உரியன. எல்லையால் ஒன்றும் இயல்பால் மற்றொன்றுமாகிய இந்நிலம் நூலின் கூட்டுக்குள் அடங்கவில்லை. கங்கைச் சமவெளியைக் கண்ணாற் கண்டு எழுதியவர் நெடுந்தீவைக் காணாதது அவர் குற்றமன்று. கண்டும் அவர் வகுப்பையே ஓதுவது நம்மவர் குற்றம்.

பருவத்தைப் பற்றிய கூறு இதனினும் முதன்மையானது. ஆனி ஆடியாகிய முதுவேனிலில் வாதம் திரண்டு, ஆவணி புரட்டாசியாகிய காரில் மிக்கு, ஐப்பசி கார்த்திகையாகிய கூதிரில் தணியும் என்பர். காரிற் சேர்ந்த பித்தம் கூதிரில் மிகும். பின்பனியிற் சேர்ந்த ஐயம் இளவேனிலில் மிகும். இதன் காரணம் செவ்விது. வெயிலால் உலர்ந்த உடம்பில் மழையின் குளிர் தாக்க வாதம் கிளரும். மழை நீங்கியபின் அடிக்கும் வெயிலாற் பித்தம் கிளரும். எனின், தீவுகளில் ஆவணி புரட்டாசியில் மழை எங்கே? அப்பொழுது சோளகக் காற்று வறட்டிக்கொண்டிருக்கும். ஆடு மாடுகள் காய்ந்த புல்லைத் தேடும். மழை வருவது ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடையொடு. ஆகவே காரணத்தை நோக்கிக் கணக்கிட்டால் வாதம் மிகும் காலம் ஐப்பசி கார்த்திகையாகும்; அதாவது, மாதப்பெயரை நோக்கும் நூல் வாதம் தணியும் என்று கூறும் அதே காலம். பித்தம் மிகுவதும் மழை ஓய்ந்த தை மாசிக்குத் தள்ளிப்போகும். மாதத்தை மனனஞ் செய்த மாணவன் இங்கே இரு திங்கள் பிழைப்பான். காற்றையும் மழையையும் நோக்கிய நாட்டு வைத்தியன் பிழையான். கிழக்குக்கரைத் தமிழகத்துக்கும் இது ஓரளவு பொருந்துவதே.

தீவகத்து மக்கள் வழக்கைக் கூர்ந்து நோக்கின், அவர்கள் பிறவி வகையைவிட வேறு சிலவற்றையே நாள்தோறும் எண்ணுவது தெரியும். கணவாயும் இறாலும் கத்தரிக்காயும் கிரந்தி, மரவள்ளி வாயு, இளநீர் குளிர், முருங்கையிலை சூடு என உணவுக்கே குணங் கூறுவர். உடம்பைப் பற்றிக் கூறுமிடத்தும் சூட்டு உடம்பு, குளிர் உடம்பு என்ற இரண்டே பெருவழக்கு. பிள்ளைப்பேற்றின் பின் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி முதலிய சரக்கரைத்துச் சமைக்கும் பத்தியக் கறி, தாய் வாத உடம்பினளா பித்த உடம்பினளா என்று கேட்டுச் சமைக்கப்படுவதில்லை. மகவு ஈன்றவள் என்ற நிலையே அங்குக் கணக்கு. கிழமைக்கொரு நாள் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவதும் அவ்வாறே. மழைக்காலத்தில் ஒடியற் கூழ் காய்ச்சும் வீட்டார், உறைப்பும் புளியும் மீனும் கூட்டிக் குடும்பம் முழுவதற்கும் ஒரே பானையில்தான் காய்ச்சுகின்றனர். வயிறு ஒவ்வாதவர் அகப்பை ஒன்று குறைத்து வாங்கிக்கொள்வர். வள்ளுவர் கூறிய அளவறிதல் இதுவே எனில் தவறாகாது.

யாக்கை வகைக்கு நூல் கூறும் குறிகளிலே பெரியதோர் இடர் உண்டு. மெலிந்த உடல், வறண்ட தோல், கருமை, வெடித்த கால், புடைத்த நரம்பு ஆகியன வாத உடம்பின் அடையாளங்கள். விடியுமுன் கடலில் இறங்கிக் களங்கட்டி பார்ப்பவரும், பனையேறுபவரும், உவர்நிலத்தைக் கொத்துபவரும் இவ்வடையாளங்கள் அனைத்தும் உடையர். இவை கருவில் அமைந்தவையா, கடலும் வெயிலும் கயிறும் தந்தவையா? சரக நூல் மேலும் ஒருபடி சென்று, வாத உடம்பினர் வலி குன்றியவர், குறைந்த ஆயுளர், பொருளற்றவர் எனவும், சிலேட்டும உடம்பினர் வலியர், செல்வர், கல்வியாளர், நெடுவாழ்வினர் எனவும் கூறுகிறது. பொருளின்மைக்கு வாதத்தைக் காரணமாக்கும் இவ்விடத்தில் மருத்துவம் சமூகத்தின் தட்டுமுறையை உடம்பின் மேல் எழுதிவிட்டது. உழைப்பவன் உடல் வறளும். நிழலில் இருந்து நெய்யுண்பவன் உடல் பளபளக்கும். காரணமும் காரியமும் இங்கே இடம் மாறின. நெடுந்தொலைவு வள்ளம் வலிப்பவனை வலி குன்றியவன் என எந்த நூல் கூறினும் தீவார் நம்பார்.

தீவகத்தின் வணிக வரலாறும் இதற்குச் சான்று பகரும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று கடை வைத்தோர் பலர். ஊரில் ஒட்டிய வயிற்றொடு சென்ற இளைஞன் பத்தாண்டு கல்லாப்பெட்டியின் முன் இருந்துவிட்டுத் தொந்தியொடு திரும்புவான். பிறவி இயல்பு மாறாது என்னும் சுசுருதர் கூற்றை ஏற்பின், அவன் இன்னும் வாத உடம்பினனே. அட்டவணையை நிரப்பின், அவன் இப்பொழுது சிலேட்டும உடம்பினன். இரண்டனுள் ஒன்று பொய்த்தல் வேண்டும். பொய்ப்பது சுசுருதர் கூற்றோ, அன்றேல் தோற்றத்தைக் கொண்டு இயல்பை அளக்கும் முறையோ என்பது தீர்க்கப்படாத வழக்கு. போரினால் இடம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியோர் உடம்புகளிலும் இம்மாற்றம் ஒரு தலைமுறைக்குள்ளேயே காணப்பட்டது.

இக்கால அறிவியலார் இவ்வழக்கில் நுழைந்திருப்பது வரவேற்கத்தக்கது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவுபெற்ற ஆயுள்வேத வைத்தியர் 15 பேர், நலமுள்ள 20 பேரைத் தனித்தனியே பார்த்து நாடி, நா, உடல்வகை ஆகியவற்றைக் குறித்தனர். ஒருவர் குறிப்பும் மற்றவர் குறிப்பும் ஒத்தமை குறைவு என்றே கண்டனர். அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளுமாயின் அளந்த துணியை நம்புவது எங்ஙனம்? மறுபுறம், 2015-இல் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் நிலையத்தார் முதலியோர் வெளியிட்ட ஆய்வு வேறு செய்தி தருகிறது. ஆடவர் 3,416 பேரை வைத்தியரும் கணினியும் வகைப்படுத்த, ஒருவகை தெளிவாய் ஓங்கியிருந்த 262 பேரின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. மரபுக்குறிகள் 52 மூவகையாரையும் வேறுபடுத்திக் காட்டின. உடம்பு சர்க்கரையைக் கையாளுதலில் பங்குகொள்ளும் மரபணு ஒன்று பித்த வகையொடு தொடர்புற்றது. பழைய வகுப்பில் உண்மையின் கூறு ஏதோ உண்டு என்பதற்கு இது குறிப்பாகலாம். ஆயினும் அவ்விரண்டு எண்களையும் அருகில் வைத்து நோக்குக. ஆயிரக்கணக்கினருள் தெளிந்த வகையினராய்த் தெரிந்தெடுக்கப்பட்டோர் சிறுபகுதியினரே. தெருவிற் செல்லும் மனிதன் பெரும்பாலும் கலப்பே. அவனுக்கு நூல் வைத்த பெயர் தொந்த தேகி. வாக்படர் இகழ்ந்ததும் அவனையே.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை நீரிழிவு நோய் காட்டும். மெலிந்த உடம்பினர்க்கு அந்நோய் வாராது, அது சிலேட்டும உடம்பினர்க்கே உரியது என ஆறுதல் கொள்வாரும் உளர். நூலே இதற்கு இடந்தரவில்லை. பிரமேகம் இருபதனுள் சிலேட்டுமத்தாற் பத்தும் பித்தத்தால் ஆறும் வாதத்தால் நான்கும் வரும் என்று எண்ணிய நூலோர், வாதத்தால் வரும் நான்கையே தீராதவை என்றனர். சுசுருதர் பிறவியில் வருவது, தீய உணவால் வருவது என அதனை இரண்டாக்கி, முன்னதையுடையார் மெலிந்தவர், பின்னதையுடையார் பருத்தவர் என வெளிப்படையாகவே கூறினார். இன்றைய மருத்துவமும் மெலிந்தோர் இந்நோய்க்கு விலக்கானவர் எனக் கூறவில்லை. இந்நோய் தெற்காசிய மக்களை, மிகப் பருக்காத உடம்பினராயினும், எளிதிற் பற்றுகிறது என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. உடல் மெலிவதும், நீர் அடிக்கடி பிரிவதும், கால் எரிவதும் கண்டபோது, அது வாத உடம்பின் இயல்பு என்று சொல்லி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைப்பது ஆயுள்வேதமும் அன்று, சித்தமும் அன்று. நெடுந்தீவில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறதெனினும், பெரிய சோதனைகட்குக் குறிகட்டுவானுக்கு வள்ளமேறி யாழ்ப்பாணஞ் செல்லல் வேண்டும். சோளகம் கடலைக் கிளப்பிய நாளில் அப்பயணம் தானே தள்ளிப்போகும். அத்தகைய இடத்தில் வைத்தியன் கூறும் ஒரு சொல் நகரத்து வைத்தியன் கூறும் சொல்லினும் கனமுடையது.

1961-ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் இலங்கையில் இம்மருத்துவங்களுக்கு அரச ஏற்பு அளித்தது. 1984-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சார்பிற் கைதடியில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு தொடங்கியது. அங்குக் கற்போர் அட்டவணையை நிரப்பப் பழகுவதோடு நில்லாது, நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஒரு சோளகமும் ஒரு வாடையும் தங்கி, அதே மக்களை இரு பருவத்தும் பார்த்து, நாடியும் நீரும் உணவும் உழைப்பும் இரத்தத்துச் சர்க்கரையும் ஒருங்கே குறித்து வருவராயின், வாதம் மிகுவது ஆவணியிலா ஐப்பசியிலா என்ற வினாவுக்கு ஏட்டை நோக்காமலே விடை கிடைக்கும். இரு வைத்தியர் ஒருவரை ஒருவர் கேளாது ஒரே ஆளைக் குறித்தல் வேண்டும் என்பது மட்டும் அப்பதிவுக்குக் கட்டாய விதி.